சென்னியப்பனின் இடது இறக்கை

"இறக்கையில குறை ஒண்ணும் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுங்க மேடம். பெயிண்ட் அடிச்சிடுவேன்" என்றார் சென்னியப்பன்.

அவர் மேடம் என்று அழைத்த ரெஜினா அவரைவிட வயதில் சின்னவர். தன் கையாலேயே ஒரு விமானம் கட்டி, அதில் பறந்துகொண்டும் இருப்பவர்.

சென்னியப்பன் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். அதே பட்டறையில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டப்போவதாக அவர் சொன்னபோது ஊரே சிரித்தது. சிரிக்காமல் வந்து சொல்லிக்கொடுத்தவர் ரெஜினா ஒருவர்தான்.

சொல்லிக்கொடுத்ததும் கொஞ்சம்தான். இறக்கை வடிவில் வெட்டிய நீல ஃபோமின் மேல் கண்ணாடி நார்த் துணியை விரிக்க வேண்டும். ரெசின் பசையை ஊற்றி, ரப்பர் தகட்டால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். துணி மறைந்து அடியில் இருக்கும் நீலம் தெரிந்தால் நன்றாக ஒட்டியது. வெளுத்து நின்றால் உள்ளே காற்று; பறக்கையில் அங்கே பிரிந்துவிடலாம்.

"நான் வந்து பார்க்கிறதுக்கு முன்னாடி மேல பட்டி மட்டும் பூசிடாதீங்க சார்" என்றும் சொல்லியிருந்தார்.

இப்போது இறக்கை முழுக்கப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழவென்று கிடந்தது.

ரெஜினா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. வேறொன்று கேட்டார்.

"முதல்ல யாரைக் கூட்டிட்டுப் போவீங்க?"

"பூங்கொடியைத்தானுங்க. வேற யாரு?"

மனைவி பெயரைச் சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊர் சிரித்த நாளிலும் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்த மகராசி.

ரெஜினா ஒரு நாணயத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"தட்டிக்கிட்டே போங்க."

சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஒட்டிய இடம் டக்கென்று ஒலிக்கும். ஒட்டாத இடம் தொப்பென்று அமுங்கி ஒலிக்கும். இது சென்னியப்பனுக்கும் தெரியும்.

டக். டக். டக்.

இறக்கையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் வந்தது.

அங்கே துணி ஒட்டிய அன்றைக்கு நல்ல வெயில். ரெசின் சீக்கிரமே இறுகிவிட்டது. எவ்வளவு தள்ளியும் வெளுப்பு போகவில்லை. பட்டறையில் எத்தனையோ நெளிசலைப் பட்டிக்குள் மறைத்த கை, யோசிக்காமல் அதையும் மறைத்துவிட்டது. இத்தனூண்டு இடம் என்ன செய்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாரே தவிர, அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

கை லேசாக எழும்பி, அந்த இடத்தைத் தாண்டி இறங்கியது.

டக். டக்.

நுனிவரை போய் முடித்தார்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்களா மேடம்?"

ரெஜினா திரும்பவில்லை.

"நீங்க தட்டின இடமெல்லாம் நல்லா இருக்கு சார்."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பூங்கொடி தூக்குப்போசியோடு உள்ளே வந்தார். பளபளப்பைப் பார்த்ததும் ஆசை தாங்காமல் இறக்கையைத் தடவிக்கொண்டே நடந்தார். நடுவில் வந்ததும் கை நின்றது.

"முடிஞ்சுதுங்களா?"

சென்னியப்பன் அவர் கையை மெல்ல விலக்கினார். அது இருந்த இடத்தில் நாணயத்தைத் தட்டினார்.

தொப்.