சேற்றாண்டி கேட்ட ஒரு முழம்

அந்தக் காலத்தில் நண்டுக்குப் பேச்சு இருந்தது, கடலுக்கு அசைவு இல்லை. குட்டைத் தண்ணீர் மாதிரி போட்ட இடத்தில் கிடக்கும். அப்போது கழிமுகத்துச் சேற்றில் சேற்றாண்டி என்று ஒரு நண்டு இருந்தான். இரண்டு கொடுக்கும் ஒரே அளவில், சின்னதாக, லட்சணமாக இருக்கும். மனசுதான் கோணல். வெயில் அடித்தால் "எதுக்கு இவ்வளவு அடிக்குது?" என்பான். மேகம் மூடினால் "எதையோ மறைக்குது" என்பான். பெண்டாட்டி பவளாயி கொண்டுவந்து வைக்கும் வண்டலைக்கூட இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

கடல் அசையாததால் சேறு காய்ந்தது. தின்ன வண்டல் இல்லை. நண்டுகளெல்லாம் கூடிப்போய்க் கடலாத்தாவிடம் கெஞ்சின. அவளும் இரங்கினாள்.

"இப்ப நான் நிக்கிற இடம்தான் நடு. இதுலேருந்து ஒரு முழம் ஏறி வருவேன், ஒரு முழம் இறங்கிப் போவேன். என் வீச்சு ஒரு முழம். அதுக்கு மேல ஒரு விரக்கடைகூட வரமாட்டேன்" என்றாள்.

மற்ற நண்டுகள் நடுக்கோட்டை ஒட்டியே வளை தோண்டின. சேற்றாண்டி யாரை நம்பினான்? முக்கால் முழம் உயரத்தில் போய்த் தோண்டினான். கடல் முழுசாக ஏறும்போது மட்டும் வாசலில் தண்ணீர் வந்து நிற்கும், வண்டலை வைத்துவிட்டுப் போய்விடும். பவளாயி வயிற்று மடிப்பில் முட்டை கட்டியிருந்தாள். பழுத்ததும் ஏற்றத் தண்ணீரில்தான் அவற்றை விட வேண்டும். வாசலுக்கே தண்ணீர் வருகிறதே என்று அவளுக்கு மகிழ்ச்சி.

"இது ஏன் நம்ம வாசல் வரைக்கும் வருது? வீட்டைப் பார்த்து வச்சுக்குதோ?" என்றான் சேற்றாண்டி.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் அவள்.

அவன் ஒரு முழ நாணல் தண்டை ஒடித்துக்கொண்டு கிளம்பினான். கடல் அடியோடு வற்றியிருந்த நேரம் அது. வற்றிய கோட்டிலிருந்து ஏறிய கோடு எவ்வளவு உயரம் என்று தண்டை நிமிர்த்தி வைத்து அளந்தான். ஒன்று. இன்னும் ஒன்று. அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அடி சண்டாளி! ஒரு முழம்னு சொல்லிட்டு ரெண்டு முழம் ஆடுறியா!"

நியாயம் கேட்கத் தவளையிடம் போனான். அது குட்டையில் தொண்டையை உப்பிக் கத்திக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தது. "நான் சும்மா இருக்கும்போது சத்தம் ஏது? அந்தச் சும்மாவிலிருந்து எவ்வளவு எழும்புதோ, அதுதான் என் குரலோட வீச்சு. கடலுக்கும் அதே முறைதான். அவ நின்ன இடத்துலேருந்து அளந்து பாரு. நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க!"

அடுத்து தூக்கணாங்குருவியிடம் போனான். காற்றில் ஆடும் கூட்டிலிருந்து அது எட்டிப் பார்த்தது. "என் கூடு இந்தப் பக்கம் ஒரு சாண் போகுது, அந்தப் பக்கம் ஒரு சாண் போகுது. நேரா தொங்குற இடத்துலேருந்து அளந்தா ஒரு சாண்தான். அதைப் போய் ரெண்டு சாண்னு சொல்வேனா?"

இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் எவனும் நம்புவான். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். 'தவளைக்குத் தண்ணிதான் தாய்வீடு. குருவிக்குக் காத்து வேணும், காத்தோ கடலாத்தாவுக்குத் தம்பி முறை. எல்லாம் பேசி வச்சுக்கிட்டுத்தான் சொல்லுதுங்க' என்று முடிவு கட்டினான்.

நேரே தண்ணீர் ஓரத்துக்குப் போய்த் தண்டை ஊன்றினான். "ஏ ஆத்தா! அடியிலேருந்து உச்சி வரைக்கும் மொத்தமே ஒரு முழம்தான் இனிமே. மிஞ்சினா மரியாதை கெட்டுப்போகும்!"

கடலாத்தா அவன் ஊன்றிய தண்டைப் பார்த்தாள். "என் வாக்கையே அளந்து பார்த்தியா? சரிப்பா, உன் இஷ்டம்" என்றாள்.

மறுநாளிலிருந்து அரை முழம் ஏற்றம், அரை முழம் இறக்கம். சேற்றாண்டி மீசையை முறுக்காத குறைதான். நான்காம் நாள் காலையில் பவளாயி அவனைக் கூப்பிட்டாள். முட்டைகள் பழுத்துவிட்டன. ஆனால் வாசலில் தண்ணீர் இல்லை. உயரத்தில் கால் முழம்தான் குறைவு. அந்தச் சமதரையில் கால் முழம் குறைந்தால் தண்ணீர் ஐம்பது அடி தள்ளி நின்றுவிடும். நடுவில் வெட்டவெளி. அதில் வரிசையாகக் கொக்குகள்.

"இந்தச் சுமையோட நான் எப்படிங்க ஓடுவேன்? வெயில்ல மேல இருக்கிற முட்டையெல்லாம் காயுது. ஏதாவது பண்ணுங்க!" என்று அழுதாள்.

சேற்றாண்டி வாசலுக்கு வந்து கத்தினான். "ஆத்தா, தப்புதான்! நீ சொன்ன அளவுக்கே வா!" அலைச் சத்தத்தில் அவன் குரல் எங்கே எடுபடும்? தொண்டை கட்டியதுதான் மிச்சம். கொக்கு ஒன்று திரும்பிப் பார்த்தது. அவன் உள்ளே ஓடவில்லை. ஒரு கொடுக்கை நெஞ்சு மட்டத்திலிருந்து தலைக்கு மேலே தூக்கினான், இறக்கினான். நடுவிலிருந்து மேலே, நடுவிலிருந்து மேலே. ஒரு முழம், ஒரு முழம் என்று கைச்சாடையாகவே கெஞ்சினான். காலை முழுக்க ஆட்டினான். ஆட்டிய கொடுக்கு வீங்கி வீங்கி உடம்பளவு ஆனது. மற்றது சூம்பிப்போனது.

உச்சி வெயிலில்தான் கடலாத்தா அதைப் பார்த்தாள். பெருகி வந்தாள், கொக்குகள் பறந்தன. வாசலுக்கு வந்த தண்ணீரில் பவளாயி மடிப்பை விரித்தாள். பாதி முட்டைதான் குஞ்சாகி நீந்திப் போனது. காய்ந்த பாதி சேற்றில் உதிர்ந்து கிடந்தது. "பாவி, என் பிள்ளைங்களை நானே காய வச்சேனே" என்று சேற்றாண்டி தேம்பினான். கட்டிய தொண்டையிலிருந்து அவனுக்குக் கடைசியாக வந்த பேச்சு அதுதான்.

கடலாத்தாவுக்கும் இப்போது சந்தேகம் தொற்றிக்கொண்டது. "இன்னிக்கு வான்னு சொல்றே, நாளைக்குப் போன்னு சொல்வே. உன்னை எப்படி நம்புறது? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி என் வாக்குப்படி ஒரு முழம் வரேன். பாதி நிலா நாள்ல நீ கேட்ட அரை முழம்தான். நீ கையை ஆட்டிக்கிட்டே இரு. நிறுத்தினா உன் மனசு மறுபடியும் மாறிடுச்சுன்னு நினைச்சுக்குவேன்" என்றாள்.

அன்று முதல்தான் கடல் சில நாள் நிறைய ஏறுகிறது, சில நாள் கொஞ்சமாக ஏறுகிறது. சேற்றாண்டியின் வம்சத்து ஆண் நண்டுகள் வளை வாசலில் நின்று ஒற்றைப் பெருங்கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டுகின்றன. பெண் நண்டோ, சின்னக் கொடுக்குகள் இரண்டையும் மடக்கிக்கொண்டு எட்டவே நிற்கும். அவன் எவ்வளவு உயரம் தூக்குகிறான் என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான், அவன் வளைக்குள் காலெடுத்து வைக்கும்.