சும்மா கெடந்த சரளைக்காடு

ஒரு ஊர்ல ஒரு சரளைக்காடு இருந்துச்சாம். மரம் கெடையாது, தண்ணி கெடையாது. எங்க பாத்தாலும் கல்லு, நடுவுல நாலு முள்ளுச்செடி. ம் சொல்லு.

"ம்."

அந்த ஊர்த் தலைவரு கொம்பையா. "எடம் சும்மாதான கெடக்கு, சிமெண்டு போட்டு கல்யாண மண்டபம் கட்டிருவோம்"னாரு. அப்போ ஆவுடைத்தங்கம் ஓடி வந்தா. காட்டுல இருக்குற உயிருங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றவ. மூணு வருசமா அந்தக் கல்லுலயே தவழ்ந்து முழங்கால் தேஞ்சவ.

"சும்மா கெடக்கல அண்ணாச்சி. ஏகப்பட்ட பேரு குடியிருக்காங்க."

"ரேசன் கார்டு இருக்கா?"

"கண்ணால காட்டுறேன்."

"மூணு நாளு தாறேன் தாயி. ஒண்ணையாவது காட்டு. இல்லேன்னா சிமெண்டுதான்."

மொத நாளு முயல் புதருக்குக் கூட்டிட்டுப் போனா. "மூச்சு விடாதீங்க"ன்னா. தலைவரு மூச்சு விடல. அவரு போன் விட்டுச்சு. பீப்பீ டும்டும்னு கெட்டிமேளம். முயலு சர்ர்ருனு போயிருச்சு.

"எங்க தாயி முயலு?"

"உங்க மேளத்துக்குப் பயந்து ஓடிருச்சு."

"கல்யாண வீட்டுக்கு ஆகாத முயலு போல."

அப்புறம் ரெண்டாம் நாளு, ஆமை. அசையாம கெடந்தா கல்லேதான். தலைவரு அதும் மேல டீ கிளாஸ வெச்சாரு. டீ மெல்ல... மெல்ல... நடந்து போச்சு.

"பாத்தீங்களா?"

"காத்து தாயி, காத்து." டீ நடந்துச்சுன்னு சொன்னா ஊரு சிரிக்குமேன்னு அவருக்குப் பயம். முழிச்சிருக்கியா?

"ம்ம்."

மூணாம் நாளு பத்து மெம்பரோட வந்தாரு, கையில செங்கல். "நீ தேடிக்கிட்டே இரு, நான் மொத கல்ல வெச்சுர்றேன்"னு விறுவிறுன்னு நடந்தாரு. ஆவுடைத்தங்கம் பின்னாடியே ஓடுனா. அவரு போற வழியில ஆள்காட்டிக் குருவி முட்டை போட்டிருக்கு. கல்லு நெறத்துல நாலு முட்டை.

அப்போ மேலேருந்து, டிட்டிட்டீ, டிட்டிட்டீ, விர்ருனு வந்துச்சு குருவி. தலைவரு துண்டு பறந்துச்சு.

"குந்துங்க அண்ணாச்சி, நின்னா கொத்தும்."

பொத்து பொத்துன்னு பதினோரு பேரும் குந்திட்டாங்க. தலைவரு மூக்குக்கு நேரா ஒரு கல்லு. அது டொக்குனு வெடிச்சு, உள்ளேருந்து ஒரு குஞ்சு எட்டிப் பாத்துச்சு.

"தாயி, கல்லு என்னையப் பாக்குது."

"முட்டை அண்ணாச்சி. இன்னும் மூணு பேரு வரணும்."

எந்திரிக்கப் பாத்தாரு. டிட்டிட்டீ. திரும்பக் குந்திட்டாரு. கொஞ்ச நேரம் குஞ்சையே பாத்தாரு.

"ஏய் மெம்பருங்களா, பஸ் ஸ்டாண்டுகிட்ட பழைய மார்க்கெட்டு இடிஞ்சு கெடக்குல்லா, மண்டபத்த அங்க கட்டுவோம். சம்மதம்னா கையத் தூக்குங்க."

பத்து பேரும் கையத் தூக்குனாங்க. டிட்டிட்டீ. சடக்குனு கையக் கீழ போட்டுட்டு, மண்டைய மட்டும் ஆட்டுனாங்க. தீர்மானம் நெறவேறிருச்சு.

அப்புறம் எல்லாரும் குந்துனபடியே, தத்தக்கா பித்தக்கான்னு ரோடு வரைக்கும் போனாங்க. ஆவுடைத்தங்கம் நோட்டு எடுத்து எழுதிக்கிட்டா: "இன்னைக்குக் கண்டது, குருவிக்குஞ்சு ஒண்ணு. வேட்டி கட்டுன வாத்து பதினொண்ணு."

குஞ்சு அம்மா வயித்துக்கடியில போய்ச் சுருண்டுக்கிச்சு. ம் சொல்லு.

சொல்லலையா? சரி, கதையும் ஒறங்கிருச்சு.