மன்னர் வாய் வைத்த கஞ்சி

எந்த நாடு என்று கேட்காதீர்கள், கேட்டாலும் சொல்ல மாட்டேன். முன்னொரு காலத்தில் அங்கே மழை பொய்த்துப் போனது. வடசீமைக் குடிகள் மூட்டை முடிச்சுகளோடு வந்து தலைநகரின் கோட்டை வாசலில் சுருண்டு கிடந்தார்கள். தீவு நாட்டிலிருந்து அன்னச் சங்கத்தார் என்று சிலர் கப்பலேறி வந்து, அந்த வாசலிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றினார்கள்.

குடிகள் சும்மா இருப்பார்களா? "சங்கத்துச் சாமிங்க நல்லா இருக்கணும்" என்று வாயார வாழ்த்தினார்கள். அது அரசர் வீரகேசரியின் காதில் விழுந்தது. மனிதருக்கு வயிறு எரிந்தது. நாட்டை ஆள்வது இவர், வாழ்த்து வாங்குவது வேறு யாரோ!

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றத் தலைமை அமைச்சர் தாண்டவராயர் இருக்கிறாரே.

"பெருமானே, இன்று கஞ்சி ஊற்றுபவர்கள் நாளை கொடி ஏற்றுவார்கள். அயலார் காய்ச்சும் ஒவ்வொரு பானையிலும் தாங்கள் வாய் வைத்த பிறகே அது குடிகளுக்குப் போக வேண்டும் என்று ஆணையிடுங்கள்."

அரசருக்கு எப்போது நேரம் ஒழிவது, எப்போது வாய் வைப்பது? கஞ்சி புளித்துவிடும், சங்கத்தார் சலித்துப்போய்க் கப்பலேறிவிடுவார்கள். அதுதான் ராயரின் திட்டம். ஆணையை நிறைவேற்றும் வேலையை விகடகவி சுருளாண்டியின் தலையில் கட்டினார். சபையில் சங்கத்தாருக்காகப் பரிந்து பேசியவன் அவன்தான். இம்மி பிசகினாலும் தலை போய்விடும்.

சங்கத்துத் தலைவி சுமேதை கலங்கிப் போனாள். "ஐயா, பிள்ளைகள் பசியில் அழுகின்றன. அடுப்பை அணைத்துவிடவா?"

"வேண்டாம் அம்மா. நாளைக்கு இன்னும் நாலு அடுப்பு கூடப் போடுங்கள்" என்றான் சுருளாண்டி.

மறுநாள் காலையில் அரசர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. ஆவி பறக்கும் பானையோடு சுருளாண்டி நின்றான்.

"பெருமானே, வாய் வைத்தருள வேண்டும்."

அரசர் உண்பது எதுவானாலும் தலைமை அமைச்சர் முதலில் ஒரு அகப்பை குடித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். பால் பாயசத்தின் மேல் இருந்த ஆசையில் ராயரே கெஞ்சிக் கேட்டு வாங்கிய பெருமை அது. தலைப்பாகை கூடக் கட்டாமல் ஓடி வந்து குடித்தார். அரசரும் குடித்தார். பானை சூடு ஆறுவதற்குள் வாசலுக்குப் பறந்தது.

அரசர் வேட்டியைக் கட்டுவதற்குள் அடுத்த பானை வந்தது. கிரீடத்துக்குக் கை நீட்டினால் இன்னொன்று. சபைக்குப் போனால் அங்கேயும் பானைகள். பாவம், நாட்டியக்காரி பானைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடினாள்.

உச்சிவேளையில் ராயர் தூணோடு தூணாகச் சாய்ந்துவிட்டார். அரசருக்கு மூச்சு முட்டியது.

"சுருளாண்டி! இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

"வரிசை கோட்டை வாசல் வரை நிற்கிறது, பெருமானே. நாட்டின் பசி முழுவதும் தங்கள் வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பது ஆணையாயிற்றே."

"ராயரே! நாம் வாய் வைத்ததில் இந்தக் கஞ்சிக்கு என்ன கூடியது?"

ராயர் வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

"தாமதம்தான் கூடியது" என்றான் சுருளாண்டி. "அரிசி அவர்களுடையது. நம்முடைய விறகையும் உப்பையும் கொடுத்தால் கஞ்சியே கூடும், பெருமானே."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தானது. அரண்மனை விறகுக் கொட்டகை திறந்தது. விறகு சுமப்பவர்களை மேய்க்கும் வேலை ராயருக்குக் கிடைத்தது. அரசர் தம் மோதிரத்தைக் கழற்றிச் சுருளாண்டியின் விரலில் மாட்டிவிட்டு, கிரீடம் கூட இல்லாமல் கட்டிய வேட்டியோடு வாசலுக்கு நடந்தார். சுமேதையிடம் அகப்பையைக் கேட்டு வாங்கி, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தியின் கலயத்தில் கஞ்சி ஊற்றினார்.

"நல்லா இருப்பீங்க சாமி" என்றாள் அவள், நெஞ்சு நிறைந்து. "நீங்களும் சங்கத்து ஆளுதானா?"

அரசருக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"ஆமாம் தாயே, இன்றைக்குத்தான் சேர்ந்தேன்" என்றார்.