தலையில் துண்டு போட்ட ஐவர்

கோணக்கரைக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அறிவு நிறையவே இருக்கிறது. அதை எந்த இடத்தில் எடுத்து வைப்பது என்பதில்தான் அவர்களுக்குக் கொஞ்சம் தடுமாற்றம்.

அந்த ஊரில் பந்தல் போடுகிறவர்கள் ஐந்து பேர். தலைவர் சடையாண்டி. அவருக்கு யோசனை சொல்ல மச்சான் ஒச்சப்பன். யோசனையில் சந்தேகம் கேட்கப் பிச்சமுத்து. சந்தேகம் தீர்ந்ததும் ஆமாம் போடக் காத்தமுத்துவும், அவர் தம்பி சின்னக் காத்தமுத்துவும். பந்தல் கம்பை நாலு பேர் தூக்குவார்கள். சடையாண்டி கம்பின் மேல் உட்கார்ந்து வழி சொல்வார். ஆள் உட்காராவிட்டால் கம்புக்கு எப்படி வழி தெரியும்?

எது வந்தாலும் ஐந்து பங்கு என்பது அவர்கள் தொழில் தர்மம். ஒருவர் காலில் முள் தைத்தால் மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு முள் தேடிக் குத்திக்கொள்வார்கள். அப்போதுதான் வலி பங்காகிக் குறையும் என்பது கணக்கு. குறைந்ததா என்று யாரும் கேட்டதில்லை, எல்லோரும் நொண்டிக்கொண்டிருந்ததால்.

ஒருநாள் கம்பைத் தூக்கியதும் சடையாண்டி ஏறி உட்காரவில்லை, நடந்தே வருவதாகச் சொன்னார். நாலு பேரும் கம்பைக் கீழே போட்டுவிட்டார்கள். தலைவர் நடந்து அவர்கள் பார்த்ததே இல்லை. கோபமா, கடனா, வீட்டில் சண்டையா என்று மாறி மாறிக் கேட்டதில் உண்மை வெளியே வந்தது. சடையாண்டிக்கு உட்கார முடியவில்லை. வெளிக்குப் போனால் ரத்தம் வருகிறது.

சாவைப் பற்றிய பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வருகிற ஆவணியில் அவருடைய ஒரே மகள் தெய்வானைக்குக் கல்யாணம். தகப்பன் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். நின்றுகொண்டே வார்த்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், பிள்ளை முகம் என்ன ஆகும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், நல்ல மனுஷன்.

முதலில் நாட்டு வைத்தியரிடம் கேட்டார்கள். மூலத்துக்குக் கருணைக்கிழங்கு நல்லது என்றார் வைத்தியர். சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. சடையாண்டி ஒரு நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கி, நறுக்கி, ஒரு பகல் முழுக்க வலியோடு வலியாக அதன் மேல் உட்கார்ந்தார். மற்ற நாலு பேரும் பங்குக்கு உட்கார்ந்தார்கள். கருணைக்கிழங்கின் அரிப்பு தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சடையாண்டியின் மனைவி பேச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு டவுனுக்குப் போய் விசாரித்து வந்தாள். மூல வியாதி பார்க்கிற டாக்டர் புதிதாக வந்திருக்கிறாராம், பெயர் வான்மதி. கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையுறை போட்டு, விரலால் சோதித்துப் பார்ப்பாராம். சாதாரணச் சோதனைதான், புதன்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று முடித்தாள்.

அன்றிலிருந்து சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

“எங்காத்தாவுக்கு அப்புறம் யாருமே பாக்காத எடம்டா அது,” என்றார் கூட்டாளிகளிடம். “நானே பாத்ததில்ல. அதுவும் ஒரு பொம்பளப் பிள்ளைகிட்டப் போயி எப்படிடா காட்டுவேன்? செத்தாலும் செத்துப் போறேன்.”

ஐவரும் பந்தல் சாமான் கிடங்கில் கூடி ஆலோசித்தார்கள். சடையாண்டிக்காக எல்லோரும் நின்றுகொண்டே ஆலோசித்தார்கள். ஒச்சப்பன் நெடுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் திறந்தார்.

“மச்சான், வெக்கம்ங்கிறது மனுசனுக்கு எங்க இருக்கு?”

சின்னக் காத்தமுத்து தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

“மூஞ்சியில இருக்கு,” என்றார் ஒச்சப்பன். “அவமானப்பட்டவன் என்ன சொல்றான்? எவன் மூஞ்சியிலயும் முழிக்க முடியலைங்கிறான். வெக்கப்பட்டவன் துண்டை எங்க போடுறான்? தலையில போடுறான். பின்னாடி போட்டு எவனையாச்சும் பாத்திருக்கியா? அப்போ மூஞ்சிய மூடிட்டா, மத்தது யாருதோ. நமக்கென்ன வந்துச்சு?”

இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை காலம் யோசிக்காமல் இருந்துவிட்டோமே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். பிச்சமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒருத்தர் மட்டும் துண்டைப் போட்டுக்கொண்டு போனால், அவருக்குத்தான் வியாதி என்று தெரிந்துவிடாதா?

“அஞ்சு பேரும் போடுவோம்,” என்றார் ஒச்சப்பன். “வெக்கத்தையும் அஞ்சாப் பங்கு வச்சுக்குவோம். அஞ்சு பேரும் காட்டுவோம். எது மச்சானோடதுன்னு எமனுக்கே தெரியாது.”

காத்தமுத்து ஆமாம் என்றார். சின்னக் காத்தமுத்து, அண்ணன் சொன்னதற்கு ஆமாம் என்றார்.

புதன்கிழமை ஐந்து பேரும் ஒரே மாதிரி வெள்ளைத் துண்டைத் தலையிலிருந்து மார்வரைக்கும் தொங்கவிட்டு டவுன் பஸ் ஏறினார்கள். துண்டில் கண்ணுக்கு ஓட்டை விடலாம் என்று பிச்சமுத்து சொல்லிப் பார்த்தார். ஓட்டை வழியாக வெட்கம் வந்துவிடும் என்று ஒச்சப்பன் மறுத்துவிட்டார். கண்டக்டர் இழவு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நினைத்து, இறக்கிவிடும்போது ஆறுதல் சொன்னார்.

ஒருவர் வேட்டி நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் நுழைந்தது ஓர் உரக்கடை. டாக்டர் அதற்கு மேலே மாடியில். உரக்கடைக்காரர் காலையிலிருந்து லாரியில் வந்த மூட்டைகளை இறக்க ஆள் வராமல் எரிச்சலில் இருந்தார். ஐந்து பேர் தலையில் துண்டோடு வந்து நின்றதும் இவ்வளவு நேரமா என்று திட்டிவிட்டு, சீக்கிரம் குனியச் சொன்னார்.

ஐந்து பேரும் குனிந்தார்கள். சடையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். முதுகில் ஒரு மூட்டை வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்து பின்கட்டில் இறக்கினார்கள். மறுபடி குனியச் சொன்னார், மறுபடி குனிந்தார்கள். லாரி காலியாகும்வரை சோதனை நடந்தது.

சடையாண்டிக்கு மனசு நிறைந்துவிட்டது. இதற்கா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தோம் என்று துண்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். சோதனையில் என்ன தெரிந்தது, மருந்து ஏதும் உண்டா என்று கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டார். எந்தப் பயிருக்கு என்றார் அவர். பயிருக்கு இல்லை என்று சடையாண்டி கூச்சத்தோடு விளக்கியதும், கடைக்காரர் அவர் கையைப் பிடித்து மாடிப்படியில் கொண்டுபோய் விட்டார்.

மாடியில் நர்சம்மா ஐந்து துண்டுகளையும் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் வான்மதி நிதானமானவர். யாருக்குத் தொந்தரவு என்று கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன. யாருக்கு ரத்தம் போகிறது என்று கேட்டார். உயர்ந்த கைகள் இறங்கவில்லை. துண்டுகள் லேசாக நடுங்குவதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

“பயப்படாதீங்க. தினமும் பாக்குறதுதான், இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல,” என்றார். “துண்டு இருக்கட்டும். முகம் எனக்கு வேண்டாம்.”

ஒச்சப்பன் பெருமையோடு, பக்கத்தில் நிற்பது சடையாண்டி என்று நினைத்து, நர்சம்மாவை முழங்கையால் இடித்தார்.

ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். ஒச்சப்பனிடம் உடம்பைத் தளர்த்திக்கொண்டு, மனசுக்குப் பிடித்ததை நினைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஒச்சப்பன் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டு இன்னொரு அப்பளம் கேட்டார். பிச்சமுத்துவிடம் மூச்சை இழுத்து விடச் சொன்னார். இழுத்த மூச்சை எந்தப் பக்கம் விடுவது என்று பிச்சமுத்து சந்தேகம் கேட்டார். காத்தமுத்து சகோதரர்களிடம் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்ற பதில்தான் வந்தது.

கடைசியாகச் சடையாண்டி. அவர் கட்டிலில் ஏறியபோது கட்டிலே நடுங்கியது. டாக்டர் அவர் தோளில் கை வைத்து, “மெதுவாத்தான் பாப்பேன் ஐயா. வலிச்சா மறைக்காமச் சொல்லிடுங்க,” என்றார்.

சடையாண்டி பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவர். டாக்டர் கேட்டுவிட்ட பிறகு மறைக்கக் கூடாது என்று ஆரம்பத்திலிருந்து சொன்னார். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்த வலி. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த முழங்கால் குத்துவது. தங்கச்சி கல்யாணத்தில் அவர் போட்ட பந்தலே சாய்ந்து, சபை நடுவில் தலைகுனிந்து நின்றது. அப்பா கடைசியாகத் தண்ணீர் கேட்டபோது பக்கத்தில் இல்லாமல் போனது. சொல்லச் சொல்லத் துண்டு நனைந்தது.

“இப்போ எம்பொண்ணு தெய்வானையப் பூவாணியில கட்டிக் குடுக்குறேன் தாயி. மாப்பிள்ளை கரண்டு ஆபீஸ்ல இருக்காரு, பேரு இளம்பரிதி. மணையில உக்காந்து தாரை வாக்கணும். உக்கார முடியலைன்னா எம்பிள்ளை கண்ணு கலங்கிரும். அதுதான் தாயி எல்லாத்தையும் விட வலிக்குது.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிறகு, பார்த்து முடித்தாகிவிட்டது, எழுந்திருக்கலாம் என்றார். சடையாண்டி திடுக்கிட்டார். சோதனை எப்போது நடந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. வலியில் பாதிகூட இன்னும் சொல்லி முடிக்கவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நாலு பேருக்கு ஒன்றுமில்லை, ஒருவருக்கு மட்டும் சின்ன மூலம், பயப்பட எதுவுமில்லை என்றார் டாக்டர். களிம்பு தருகிறேன், கீரையும் பழமும் சேர்த்து நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். கல்யாணத்துக்குள் மணையில் சௌகரியமாக உட்காரலாம் என்று அவர் சொன்னதும் சடையாண்டி நர்சம்மா நின்ற திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

படியிறங்கும்போது ஐவருக்கும் ஒரே பெருமை. டாக்டர் கடைசிவரை யார் முகத்தையும் பார்க்கவில்லை. எந்த ஊர், என்ன பெயர் என்ற விவரமெல்லாம் வாயால் சொன்னதுதானே, முகத்தால் சொல்லவில்லையே.

அதன் பிறகு கல்யாணத்துக்கென்று பேச்சி வாங்கி வைத்திருந்த பெரிய அண்டாவில் வெந்நீர் ஊற்றி ஐந்து பேரும் காலையும் மாலையும் உட்கார்ந்தார்கள். பங்கு பங்குதானே. சமையல்காரர் ஒருநாள் அச்சாரம் வாங்க வந்தவர், அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, சாம்பாருக்குத் தன் அண்டாவையே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணி வந்தது. சடையாண்டிக்குப் பூரணமாகக் குணமாகிவிட்டது. பட்டுவேட்டி கட்டி மணையில் ஜம்மென்று உட்கார்ந்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார், மகள் சிரித்தாள். அவருக்கு உலகமே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு எதிரே பார்த்தால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நடுவில் டாக்டர் வான்மதி உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தையாம்.

சடையாண்டிக்கு வியர்த்துவிட்டது. ஒச்சப்பனைக் காதருகே கூப்பிட்டார். ஒச்சப்பன் கண்ணை மூடித் திறந்தார்.

“பயப்படாத மச்சான். அந்தம்மா நம்ம மூஞ்சியப் பாத்ததே இல்ல. மூஞ்சியத் தைரியமாக் காட்டு. பின்பக்கத்தத்தான் பாத்திருக்கு. அதைக் காட்டினாத்தான் அடையாளம் தெரியும். அந்தம்மாவுக்கு மட்டும் முதுகக் காட்டிராத.”

உட்கார்ந்திருக்கும்வரை ஆபத்தில்லை, அடையாளம் பத்திரமாக மணையில் இருந்தது. ஆனால் டாக்டர் பெண்ணின் மாலையைச் சரிசெய்ய எழுந்து சுற்றி வந்தார். அவர் வர வர சடையாண்டி மணையோடு சேர்ந்து திரும்பினார். அந்த நேரம் பார்த்து ஐயர் தண்ணீரை வார்க்கச் சொல்ல, பாதித் தாரை மாப்பிள்ளை கையிலும் மீதி சம்பந்தி மடியிலும் விழுந்தது. தாலி கட்டி முடிந்ததும் நிலைமை இன்னும் மோசம். டாக்டர் பந்திக்குப் போனபோது பரிமாறிக்கொண்டிருந்த ஒச்சப்பன் பின்னோக்கியே நடந்து ரச வாளியில் உட்கார்ந்தார். காத்தமுத்து சகோதரர்கள் சுவரோடு முதுகை ஒட்டியே மண்டபத்தைச் சுற்றினார்கள். பிச்சமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று பின்பக்கம் ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் நேராகச் சடையாண்டியிடம் வந்தார். சுற்றிலும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், “நல்லா உக்கார முடிஞ்சுதா ஐயா? இப்போ வலி இல்லையே?” என்று கேட்டார்.

சடையாண்டி இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டார்.

“காலையிலேருந்து நான் திரும்பவே இல்லையே தாயி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

டாக்டர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார். ஐவரும் அங்கேயே கூடிப் பேசினார்கள். அந்தம்மா இப்போது முகத்தையும் பார்த்துவிட்டார். வெட்கம் இருப்பது முகத்தில். ஆகவே இனி முகத்தைக் காட்டக் கூடாது, மற்றது ஏற்கெனவே பார்த்ததுதான் என்று ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னார். அடுத்த நிமிஷம் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

அந்தப் படம் பூவாணியில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், சுற்றிலும் உறவுக்காரர்கள், ஓரமாகத் திரும்பி நிற்கிற ஐந்து முதுகுகள். வருகிறவர்களெல்லாம் இதில் பெண்ணுக்கு அப்பா யார் என்று கேட்பார்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது, தெய்வானைக்கே சந்தேகம்தான். டாக்டர் அத்தை வந்திருந்தால் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “இடமிருந்து மூணாவது,” என்பார். அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்பதுதான் அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.