யாளி கேட்ட மூணு கேள்வி

முன்னொரு காலத்திலே, கல்லுக்கும் வாய் இருந்த காலமுங்க அது, செம்பாறைச் சீமைன்னு ஒரு ராஜ்ஜியம். அங்கே ஏரிக் குற்றங்களை விசாரிக்கச் சொல்லி, அக்கினிச்சடையன்ங்கிற மந்திரவாதியை ராஜா உட்கார வச்சிருந்தார். மந்திரவாதி கையிலே நியாயத்தைக் கொடுத்தா என்ன ஆகும்? கோலை ஆட்டினார்னா ஆள் பறவையாயிடுவான்!

ஒருநாள் மதகுக்காரன் வீரணன், ஊரைக் கேட்காம மதகைத் திறந்துட்டான்னு புகார் வந்துச்சு. சடையன் கோலை ஆட்டினார். வீரணன் நாரையாயிட்டான். அன்னிக்குப் பொழுது சாஞ்சிட்டா, ஆயுசுக்கும் நாரைதான்.

அவன் பெண்டாட்டி செவ்வந்தி பொழுதை அண்ணாந்து பார்த்தாள். நாரையை அணைச்சுக்கிட்டு யாளிமலைக்கு ஓடினாள். மந்திரவாதிங்க தீர்ப்பை முறிக்கிற சக்தி, அந்த மலை உச்சியிலே இருந்த கல் யாளிக்கு மட்டும்தான் உண்டு.

“சாமி, என் புருஷன் மேலே தப்பில்லை. நீங்களே சொல்லிடுங்க!”

“அதை நான் சொல்லக்கூடாது தாயி” என்றது யாளி. “நான் ஏரியைப் பார்த்தேனா, சாட்சியைக் கேட்டேனா? தீர்ப்பு வந்த வழி சரியான்னு மட்டும்தான் பார்ப்பேன். அதைத் தாண்டினா நானும் இன்னொரு சடையன்தான்.”

செவ்வந்திக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கிட்டு வந்துச்சு. “பொழுது சாயுது, இப்பப் போயி வழி, வாய்க்கால்னு பேசறீங்களே!”

யாளி உறுமிச்சு. அடுத்த நொடி சடையன் எதிரிலே வந்து நின்னார்.

“விசாரிக்க உனக்கு அதிகாரம் உண்டா?”

“ராஜா கொடுத்த முத்திரை இருக்கு.”

சரியாத்தான் இருந்துச்சு. சூரியன் இறங்குச்சு.

“பழைய பகை எதையும் மனசிலே வச்சுக்கிட்டியா?”

“அவனை முன்னே பின்னே பார்த்ததே இல்லை.”

அதுவும் நிஜம். பாதிச் சூரியன் போயிடுச்சு. செவ்வந்தி கைக்குள்ளே நாரையோட நெஞ்சு படபடன்னு அடிச்சுது.

“அவன் பக்கத்தைக் கேட்டியா?”

“கேட்காமலா! ‘என்னடா சொல்றே’ன்னேன். ‘க்ராக்’னான். குற்றத்தை மறுக்கவே இல்லை.”

“எப்பக் கேட்டே?”

“நாரையாக்கினப்புறம். எங்க வழக்கமே அதுதான். முதல்லே மாத்திட்டா ஆள் ஓடமாட்டான் பாருங்க.”

பறந்துடுவான்னு அந்த மகானுபாவருக்குத் தோணவே இல்லை!

“தீர்ப்பு செல்லாது!” யாளி காலாலே பாறையை அறைஞ்சுது. சூரியனோட கடைசிக் கீற்று மறையறதுக்குள்ளே, வீரணன் மனுஷனா எழுந்து நின்னான்.

“அப்ப அவர் குற்றவாளி இல்லையே, சாமி?”

“அது எனக்குத் தெரியாது. சடையனே திரும்ப விசாரிக்கட்டும். இந்தத் தடவை, வாயுள்ள மனுஷனை.”

அதே சடையனா! செவ்வந்தி புருஷன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாள்.

வீரணன் சொன்னான்: “ஐயா, கரை விரிசல் விட்டுடுச்சு. ஊரைக் கூப்பிட நேரமில்லை. திறக்கலேன்னா ஊரே போயிருக்கும்.”

சடையன் தீப்பந்தத்தோட ஏரிக்கரைக்குப் போனார். விரிசலுக்குள்ளே கையை விட்டார். முழங்கை வரைக்கும் போச்சு.

“குற்றமில்லை” என்றார்.

ஊரே திரண்டு விரிசலை அடைச்சுது. வீரணனைத் தோளிலே தூக்கிக்கிட்டுப் போச்சு. செவ்வந்தி அழுதுக்கிட்டே பின்னாலே ஓடினாள்.

சடையன் மட்டும் வீட்டுக்குப் போகலை. ஏரித் தண்ணியிலே கூட்டம் கூட்டமா நாரைங்க நின்னுச்சு, அவர் முன்னே மாத்தினவங்களும் அதிலே உண்டு. முட்டளவுத் தண்ணியிலே இறங்கி, ஒவ்வொண்ணுகிட்டேயும் போய், “நீ அன்னிக்கு என்னப்பா சொல்ல வந்தே?”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நாரைங்க என்னத்தைச் சொல்லும், பாவம்.