நாலாவது புளியங்கொட்டை

"அடங்காப்பிடாரியா ஆயிட்டாளுங்கம்மா. பேசாம ஆஸ்டல்ல சேத்துடலாமா?"

மலையடிவாரத்து மடத்தில் சடையம்மா புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மாரப்பன் கேட்டதற்கு நிமிரவில்லை.

மாரப்பனும் மனைவியும் பெங்களூரில் கட்டட வேலை பார்ப்பவர்கள். பத்து வயது மகள் செவ்வந்தி ஊரில் பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். வளர்கிறாள் என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான்.

"என்ன பண்ணினா?"

"ஆடியில ஒரு புள்ள மண்டைய ஒடச்சா."

சடையம்மா அவன் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார்.

"ஐப்பசியில வைக்கோல்போருக்குத் தீ வெச்சா."

இன்னொன்று.

"நேத்து பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடி."

மூன்றாவது.

"நீ எத்தன வாட்டி ஊருக்கு வந்தே? வாட்டிக்கு ஒண்ணு கீழ வை."

"ஆடியில வந்தேன். ஐப்பசியில வந்தேன். இப்ப வந்திருக்கேன்."

கை காலியானது.

"பொங்கலுக்கு?"

"கான்கிரீட்டு போட்டாங்க. எட்மாஸ்டர் போன் பண்ணாத்தான் எங்க மேஸ்திரி லீவு தருவாருங்கம்மா."

சடையம்மா நாலாவதாக ஒரு கொட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"ஓட்டப்பந்தயத்துல மொதல்ல வந்தாளே."

"ஆமாங்க, போன்ல சொன்னா."

"வந்து பாத்தியா?"

"சும்மா ஓடினதுக்கெல்லாம் யாரு வருவா?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. வந்த மூன்று தடவையும் விளக்குமாற்றால் அடித்திருக்கிறான். மூன்று தடவையும் அவள் அழாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திமிர் என்று நினைத்திருந்தான். நாலாவது கொட்டையைக் கீழே வைக்க, வந்த கணக்கில் ஒரு வாட்டி மிச்சமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

சடையம்மா மறுபடி புளிக்குத் திரும்பிவிட்டார்.

வாசலில் செவ்வந்தி அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மடத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கல்.

"எத்தன மணிக்குப்பா பஸ்ஸு?"

சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போவதாகத்தான் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னிக்குப் போவல சாமி."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல. நீ ஓடறத நான் பாக்கணும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லைக் கீழே போடவில்லை. கவுன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.