விக்கல் எடுத்த கடல்

"டீச்சர், கடல் விக்குது" என்றான் இளம்பரிதி.

ரெஜினா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனைவிட வயதில் சின்னவள். அவனை அண்ணா என்பாள். உடலின் அசைவைக் கணினி வழியே ஒலியோடு இணைக்கும் வித்தையை அவளிடம்தான் அவன் கற்றான். அதனால் அவளை டீச்சர் என்பான். முதலில் கேலியாகச் சொன்னான். பிறகு கேலி போய்விட்டது.

"தண்ணி குடுத்துப் பாத்தீங்களா?"

"விளையாடாதீங்க. சாயங்காலம் மேடை."

ஒத்திகைக் கூடத்தின் மூலையில் அவனுடைய மடிக்கணினி. திரையில் பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி கோடுகள். முதல் பெட்டி கேமராவின் கண். அடுத்தது, கண்ணில் பட்ட அசைவை அளக்கும். அளவு வரம்பைத் தாண்டினால் மூன்றாவது பெட்டி கடலை எழுப்பும்.

கடல் என்றால் ஒரே ஓர் அலை. திரண்டு, எழுந்து, பாறையில் உடைந்து, வடிகிற வரை அவனே பதிவு செய்தது. சாயங்காலம் மேடையில் ஆடப்போகிற செண்பகா கையைத் தூக்கினால் அந்த அலை வரவேண்டும்.

வந்தது இதுதான்: ஹு. ஹு. ஹு. ஹு.

"தூக்கின கை சும்மாவா நிக்குது? ஆடிக்கிட்டேதான் இருக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அலை முதல்லேர்ந்து கிளம்புது. வரம்பை ஏத்தினா அவ குதிச்சாக்கூடக் கேக்க மாட்டேங்குது. எறக்கினா மூச்சு விட்டாலே விக்குது."

கூடத்தின் நடுவிலிருந்து செண்பகா கத்தினாள். "பரிதி, உன் கடலை முதுகுல தட்டு! மத்தியான ஒத்திகையிலயும் விக்கினா எனக்கு மத்தளம் போதும். பெட்டியெல்லாம் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து கோத்த பெட்டிகள் அவை.

"நான் பண்ற தப்பு என்ன டீச்சர்?"

ரெஜினா கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க பண்ற தப்பு..."

அவன் முன்னால் குனிந்தான்.

"நீங்க பண்ற..."

புருவத்தை உயர்த்தினான்.

"நீங்க..."

கையை விரித்தான்.

"நீங்க..."

தலையைச் சொறிந்தான்.

"நீங்க..."

"என்ன டீச்சர், உங்களுக்குமா?" என்று எழுந்தான்.

"நீங்க..."

செண்பகா விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. சலித்துப்போய் உட்கார்ந்தான். கைகளை மடியில் போட்டான். எங்கேயும் பார்க்காமல் அப்படியே இருந்தான்.

ரெஜினா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பண்ற தப்பு, உங்க பங்கு இட்லியை ஆறவிட்டது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் ரெஜினா.

அவன் மடியில் அசையாமல் கிடந்த கைகளைக் குனிந்து பார்த்தான்.

பிறகு கணினிப் பக்கம் திரும்பினான்.

அளக்கும் பெட்டிக்கும் கடலுக்கும் நடுவே புதிதாக ஒரு பெட்டியை இழுத்துவைத்தான். அது ஒரு கதவு. அலை கிளம்பியதும் மூடிக்கொள்ளும். வடிகிற வரை யார் என்ன ஆட்டினாலும் திறக்காது. வடிந்த பிறகும் உடனே திறக்காது. ஆடுகிறவள் ஒரு கணம் அசையாமல் நின்றால்தான் திறக்கும்.

வரம்பைத் தொடவே இல்லை.

மத்தியானம் செண்பகா கையைத் தூக்கினாள். அலை திரண்டது. அவள் சுழன்றாள், சரிந்தாள், தரையில் புரண்டாள். அலை தன்பாட்டுக்கு உடைந்து, தன்பாட்டுக்கு வடிந்தது.

"அடப்பாவி" என்றாள், படுத்தபடியே. "முழுசா வந்துடுச்சே!"

சாயங்காலம் அரங்கம் நிரம்பி, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். செண்பகா அசையாமல் நின்று, நின்று, கையைத் தூக்கிய போதெல்லாம் கடல் வந்தது. கடைசி அலை வடிந்தது. விளக்குகள் எரிந்தன. செண்பகா நின்ற இடத்தில் சிலையாக நின்றாள். அரங்கம் மொத்தமும் எழுந்து கைதட்டியது.

அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் கும்பிட்டாள்.

கைதட்டலுக்கு மேலே கடல் எழுந்தது.

ஐயோ, நிறுத்த மறந்துவிட்டோமே! இளம்பரிதி கணினி மேல் பாய்ந்தான். ரெஜினா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணா. கூப்பிட்டிருக்கா, வருது."